ரூல்தடியை 'விதித்தடி' என்போமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நிலவுப் பயணம் பற்றி வந்திருந்த கட்டுரையைக் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் மூன்றாவது பத்தியில் ஓர் இடத்தில் தடுக்கி விழுந்தேன். அந்தக் காலப் பொறியாளர்கள் கையில் கம்ப்யூட்டர் கிடையாதாம்; 'சறுக்கு விதி'யை மட்டும் வைத்துக்கொண்டே மனிதனை நிலவுக்கு அனுப்பினார்களாம்.

சறுக்கு விதியா? நியூட்டன் விதி தெரியும், ஓம் விதி தெரியும். பொறியியல் படித்து, பொதுப்பணித் துறையில் 35 வருடம் வேலையும் பார்த்தவனுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் போயிற்றே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும்தான் விஷயம் விளங்கியது. ஸ்லைடு ரூல்! கால்குலேட்டர் வருவதற்கு முன் பெருக்கவும் வகுக்கவும் பொறியாளர்கள் வைத்திருந்த, நடுவில் பட்டை நழுவும் கணக்குக் கோல். படம் தலைகீழாக அச்சாகியிருந்தது, அது வேறு கதை.

ஐயா, அது விதி இல்லை, கோல். எங்கள் ஸ்கூலில் கணக்கு வாத்தியார் கையில் உருண்டையாக ஒரு ரூல்தடி இருக்கும். அதை யாராவது 'விதித்தடி' என்பார்களா? எங்களில் பல பேருடைய விதியைத் தீர்மானித்த தடி அதுதான், இருந்தாலும் அதன் பெயர் ரூல்தடிதான். ஸ்லைடு ரூலில் வரும் ரூலும் அதே ரூல். மொழிபெயர்த்தவர், அல்லது மொழிபெயர்த்த மெஷின், அகராதியில் முதல் அர்த்தத்தோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. தமிழில்தான் சொல்ல வேண்டும் என்றால் நழுவுகோல் எனலாம். நான் வற்புறுத்தவில்லை. ஹாஸ்டலில் நாங்கள் எல்லாரும் ஸ்லைடு ரூல் என்றுதான் சொன்னோம், அப்படியே எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

'மட்டும்' என்ற சொல்லும் உறுத்துகிறது. அப்பல்லோ விண்கலத்துக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஹூஸ்டனில் அறை அறையாகப் பெரிய கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்லைடு ரூல் கூடவே போனது என்பது உண்மைதான். பிக்கெட் என்ற அமெரிக்கக் கம்பெனி அலுமினியத்தில் செய்த, மஞ்சள் நிறத்தில் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் இருந்த ஒன்று அப்பல்லோ 11-ல் பறந்தது. நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரினுடைய அந்த ஸ்லைடு ரூல் 2007-ல் 77,000 டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. சாட்டர்ன் ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுன், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தபோது 1930-களில் செய்த நெஸ்ட்லர் ஸ்லைடு ரூல் இரண்டைக் கையோடு கொண்டுவந்தார். (நெஸ்ட்லர் என்றதும் பால் பவுடர் கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். இது ஜெர்மனியில் லார் என்ற ஊர்க் கம்பெனி. இந்த நெஸ்ட்லரிடம் கடைசியில் திரும்ப வருகிறேன், அதில் எனக்கு ஒரு சுயநலம் இருக்கிறது.) ஆக, பொறியாளர்களின் சட்டைப் பையில் அது இருந்தது, மேஜை மேல் இருந்தது. மொத்தப் பயணத்தையும் அதன் தலையில் கட்டுவது அதற்கே அடுக்காது.

கோபத்தில் எழுதவில்லை. என் அலமாரியில் இந்தக் கோல்கள் 31 இருக்கின்றன. 31 பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டால் தகப்பன் திரும்பிப் பார்க்கத்தானே செய்வான்?

பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு சாதாரண ஸ்கூல் ஸ்கேலை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி வையுங்கள். மேல் ஸ்கேலின் சைபரைக் கீழ் ஸ்கேலின் 2-க்கு நேராக நகர்த்துங்கள். மேலே 3 இருக்கும் இடத்துக்கு நேர் கீழே 5 இருக்கும். இரண்டும் மூன்றும் ஐந்து. நீளத்தோடு நீளத்தைச் சேர்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். ஸ்லைடு ரூலும் இதையேதான் செய்கிறது, ஆனால் அதில் கோடுகள் சம இடைவெளியில் இருக்காது. 25 சென்டிமீட்டர் நீள ஸ்கேலில் 1-லிருந்து 2 வரை ஏழரை சென்டிமீட்டர். 2-லிருந்து 4 வரை அதே ஏழரை. 4-லிருந்து 8 வரையும் அதே ஏழரை. மிச்சமிருக்கும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் 8, 9, 10 மூன்றும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸின் கடைசி சீட் மாதிரி. ஒவ்வொரு எண்ணும் தன் லாகரிதம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் நிற்கிறது. லாகரிதத்தைக் கூட்டினால் எண்கள் பெருகும் என்பது பத்தாவதில் படித்ததுதான். அதனால் இங்கே நீளத்தோடு நீளத்தைச் சேர்த்தால் கிடைப்பது பெருக்கல். நழுவும் பட்டையில் உள்ள 1-ஐக் கீழே 2-க்கு நேராக வைத்தால், பட்டையின் 3-க்குக் கீழே 6 இருக்கும். எதிர்த்திசையில் தள்ளினால் வகுத்தல்.

1614-ல் லாகரிதத்தைக் கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் நேப்பியர். அதை அளவுகோலில் வரைந்தவர் கன்ட்டர். அப்படி இரண்டை ஒன்றோடொன்று நழுவவிட்டவர் ஆட்ரெட் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். உங்கள் கட்டுரை மூவரையும் ஒருவராக்கி நேப்பியர் கணக்கில் வரவு வைத்துவிட்டது. சரி, போகட்டும்.

நான் 1968-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு முடித்து ஐந்து வருடப் படிப்பு. புது ஸ்லைடு ரூல் வாங்குகிற வசதி வீட்டில் இல்லை. படிப்பு முடித்துவிட்டுப் போகிற சீனியர் ஒருவர் தன்னுடையதை நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தார். ஹெம்மி, ஜப்பானில் செய்தது. உடம்பு மூங்கில், மேலே வெள்ளை செல்லுலாய்டு. ஐரோப்பியக் கம்பெனிகள் பேரி மரத்திலும் மஹோகனியிலும் செய்துகொண்டிருந்தபோது, ஜிரோ ஹெம்மி என்பவர் மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்யும் முறைக்கு 1912-ல் காப்புரிமை வாங்கினார். மூங்கில் மழைக்கு அவ்வளவாக உப்பாது, வெயிலுக்கு அவ்வளவாக வளையாது. இதைப் போய் நமக்கு யாராவது சொல்ல வேண்டுமா? ஏணியும் பந்தலும் எதில் கட்டுகிறோம்?

அந்த ஹெம்மியின் ஓரத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்பதன் பக்கத்தில் 'என்', 'சி' என்று இரண்டு எழுத்து பொடியாகக் குத்தியிருக்கும். ஐந்து வருடமும் அது ஏதோ தரக் குறியீடு என்றே நினைத்திருந்தேன். நாற்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது, முதல் எழுத்து வருடம், இரண்டாவது எழுத்து மாதம். 1950-க்கு 'ஏ' என்று தொடங்கி எண்ணிக்கொண்டே வந்தால் 'என்' என்பது 1963. 'சி' மூன்றாவது மாதம். 1963 மார்ச்! சீனியர் கல்லூரியில் சேர்ந்ததும் 1963-ல்தான். அப்படியென்றால் புத்தம் புதிதாக வாங்கி, ஐந்து வருடம் அடித்துத் துவைத்துவிட்டு என்னிடம் தள்ளியிருக்கிறார். "அதிகம் யூஸ் பண்ணலப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஸ்லைடு ரூலுக்கு ஒரு குணம் உண்டு. புள்ளி வைக்காது. 2-ஐ 3-ஆல் பெருக்கினாலும், 200-ஐ 0.3-ஆல் பெருக்கினாலும், அது காட்டுவது '6' மட்டும்தான். அது ஆறா, அறுபதா, பைசாவா என்பது உங்கள் பாடு. கோலைத் தொடுவதற்கு முன்பே விடை சுமாராக எவ்வளவு வரும் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடாதவன் கதி என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

மூன்றாம் வருட ஹைட்ராலிக்ஸ் பரீட்சையில் ஒரு மண் வாய்க்கால். ஹைட்ராலிக் ரேடியஸ் (தண்ணீரின் குறுக்குப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது) 1.6 மீட்டர், சரிவு 4,000-க்கு ஒன்று, வாய்க்காலின் சொரசொரப்பைச் சொல்லும் மானிங் எண் 0.025. தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும்? மானிங் ஃபார்முலாவில் ரேடியஸுக்கு மூன்றில் இரண்டு அடுக்கு எடுக்க வேண்டும். கிளார்க் டேபிள் என்ற லாகரிதப் புத்தகத்தை வைத்துப் போட்டால் லாக், மூன்றில் இரண்டு, ஆன்ட்டிலாக் என்று முழுதாக ஒரு நிமிடம் போகும். ஸ்லைடு ரூலில் இது எவ்வளவு அழகு என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அதில் 'டி' என்ற ஸ்கேலில் ஓர் எண் இருந்தால், நேர் மேலே 'ஏ' ஸ்கேலில் அதன் வர்க்கம், 'கே' ஸ்கேலில் அதன் கனம் இருக்கும். 2-க்கு மேலே 4, அதற்கும் மேலே 8. அதையே தலைகீழாகப் பாருங்கள். 'கே'யில் 8-ன் மேல், கர்சர் என்ற நகரும் கண்ணாடித் துண்டின் மயிர்க்கோட்டை வைத்தால் 'ஏ'யில் 4. எட்டின் மூன்றில் இரண்டு அடுக்கு நான்கு! பட்டையை நகர்த்தவே வேண்டாம், கர்சரை மட்டும் தள்ளினால் போதும். மானிங்குக்காகவே யாரோ உட்கார்ந்து செய்த மாதிரி இருக்கும். வாய்க்கால் கணக்குப் போட்டே வயிறு வளர்த்தவனுக்கு அந்த இடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். 1.6-க்கு 1.37 வந்தது, சரிவின் வர்க்கமூலத்தால் பெருக்கி 0.025-ஆல் வகுத்தேன். கோல் '865' என்று காட்டியது. நான் 8.65 மீட்டர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டு வந்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பேராசிரியர் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"ஏம்ப்பா, இந்த வாய்க்கால்ல நீ இறங்கி நிப்பியா?"

எனக்குப் புரியவில்லை. நிற்பேன் சார் என்றேன்.

"விநாடிக்கு எட்டரை மீட்டர்னா மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல. டவுன் பஸ் ஸ்பீடு. மண் வாய்க்கால்ல அந்த வேகத்துல தண்ணிய விட்டா, தண்ணி போய்ச் சேர்றதுக்கு முன்னாடி கரை போய்ச் சேந்துடும்."

வகுப்பே சிரித்தது. விடை 0.865 மீட்டர். பத்துக்கு மூன்று மார்க். அதன் பிறகு எந்த வாய்க்கால் கரையில் நின்றாலும், முதலில் ஒரு காய்ந்த குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன் கூடவே நாலு எட்டு நடந்து பார்ப்பேன். மண் வாய்க்காலில் தண்ணீர் நம்மோடு நடந்து வரும், ஓடாது. அந்த நடை வேகம் மனதில் இருந்தால் 8.65 என்று எழுதக் கை வராது.

இதை வைத்துக் கால்குலேட்டரைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்லைடு ரூலில் மூன்று இலக்கம் தேறும். இடதுபக்கம், 1-க்கும் 2-க்கும் நடுவே நூறு பிரிவு இருக்கும் இடத்தில், கண் நன்றாக இருந்தால் நாலாவதையும் ஊகிக்கலாம். 4-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு எண்ணுக்கு நடுவே இருபது பிரிவுதான். சர்வே கணக்குக்கெல்லாம் அது போதாது. ஆபீஸில் கையால் சுற்றும் ஃபேசிட் கணக்கு மெஷின் ஒன்று இருந்தது. அதற்கு ஐந்து பேர் காத்திருப்போம். ஹெவ்லெட் பக்கார்டின் எச்பி-35 என்ற பாக்கெட் கால்குலேட்டர் 1972-ல் வந்தபோது விலை 395 டாலர். அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, இதெல்லாம் நம் ஊருக்கு எங்கே வரப்போகிறது என்று மடித்து வைத்தோம். விலை மளமளவென்று சரிந்தது. சில வருடங்களிலேயே பெரிய பெரிய கம்பெனிகள் ஸ்லைடு ரூல் செய்வதையே நிறுத்திவிட்டன. முந்நூற்றைம்பது வருடம் ஓடிய குதிரை நாலே வருடத்தில் படுத்துவிட்டது. 1979-ல் குவைத்திலிருந்து வந்த என் மச்சான் ஒரு கேசியோ கொண்டுவந்தார். அன்றைக்கு டிரங்குப் பெட்டிக்குள் போன ஹெம்மி, நான் ஓய்வு பெற்ற 2009-ல்தான் வெளியே வந்தது. விசுவாசத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்து, உறையின் மூடியை உருவியதும் குப்பென்று கற்பூர வாசனை. மனைவியைக் கூப்பிட்டு, பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்தாயா என்று கேட்டேன்.

"கற்பூரம் சாமிக்கு. பெட்டிக்கு அந்துருண்டை. இதுகூடவா தெரியாது?" என்றாள்.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். செல்லுலாய்டு செய்வதே நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துத்தான். முப்பது வருடம் மூடிக் கிடந்த உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து நின்றிருந்த வாசனை அது. கற்பூரம் மாதிரியே இதுவும் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆகவே வீட்டில் பழைய செல்லுலாய்டு ஸ்லைடு ரூல் வைத்திருப்பவர்கள் சாமி விளக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஆயுத பூஜையன்று மட்டும் என்னுடையதைத் தட்டில் வைக்கிறேன், ஆனால் கற்பூரம் காட்டும்போது தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

பட்டை நகரவில்லை. ஓங்கித் தட்டியிருந்தால் உடைந்திருக்கும். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. செல்லுலாய்டு கரையும், எழுத்தும் போய்விடும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்தேன். காடியில் முப்பது வருட அழுக்கு. அதைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, மெழுகுவத்தித் துண்டை லேசாகத் தேய்த்தேன். மூன்றாம் நாள் காலை பட்டை நழுவியது. அந்தச் சத்தம் எழுதிக் காட்ட வராது. கதவு கிரீச்சிடும் சத்தமில்லை, பட்டுப்புடவை மடிக்கும்போது ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அது.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த டியூப்லைட் பட்டிகளுக்கு நடுவே ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"பாய், இது எவ்வளவு?"

"அந்த ஸ்கேலா? எடுத்துக்குங்க ஐயா. பேத்திக்குக் கோடு போடக் குடுத்தேன், நடுவுல உருவி உருவி வருதுன்னு தூக்கிப் போட்டுட்டா. அம்பது ரூபா குடுங்க."

வெளியே வந்து துடைத்துப் பார்த்தால் லோகாரெக்ஸ், செக்கோஸ்லோவாகியாவில் செய்தது. அந்த நாட்டுக் கோல் திருச்சிக்கு எப்படி வந்தது? எனக்கு ஒரு ஊகம் உண்டு. திருச்சியை ஒட்டிய திருவெறும்பூரில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1960-களில் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு வந்தது. அங்கிருந்து வந்த பொறியாளர் ஒருவர் விட்டுப் போனதாகவோ, இங்கிருந்து பயிற்சிக்குப் போனவர் வாங்கி வந்ததாகவோ இருக்கலாம். பிற்பாடு பெல் டவுன்ஷிப்பிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரே இன்னொரு லோகாரெக்ஸை என்னிடம் கொடுத்ததும் என் ஊகம் கொஞ்சம் தெம்பானது. லார், டோக்கியோ, ஹாம்பர்க் என்று ஊர் ஊராகக் கோல் சேர்த்தாலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஐம்பது ரூபாய்க் கோல்தான்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு அனுபவத்தில் ஒரு வார்த்தை. முதலில் கர்சர் இருக்கிறதா என்று பாருங்கள். கர்சர் என்பது மயிர்க்கோடு போட்ட அந்தக் கண்ணாடித் துண்டு; அது இல்லாத ஸ்லைடு ரூல் வடம் இல்லாத தேர். அப்புறம் பட்டையின் 1-ஐக் கீழே உள்ள 1-க்கு நேராக வைத்து, மறுமுனையில் 10-ம் 10-ம் சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் ஒன்று சுருங்கியிருக்கிறது, அலமாரியில் வைக்கலாம், கணக்குக்கு ஆகாது. கடைசியாகக் கண்ணுக்கு நேரே துப்பாக்கி மாதிரிப் பிடித்து வளைவு பாருங்கள். விலையை நானே சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. ஆல்ட்ரின் கோல் 77,000 டாலருக்குப் போனது அவர் நிலவுக்குப் போனதால். நம் மாமா பொதுப்பணித் துறைக்குப் போனதால் அந்த விலை வராது.

சும்மா அடுக்கி வைத்துப் பார்க்கிற ஆளில்லை நான். தினமும் ஏதாவது ஒன்றைக் கையில் எடுப்பேன். போன தை மாதம் தங்கை வீட்டு வளைகாப்புக்குச் சமையல்காரர் நூறு பேருக்கான சாமான் லிஸ்ட் கொடுத்தார். வரப்போவது 340 பேர். மருமகன் செல்போனை எடுத்து ஒவ்வொரு சாமானாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஹெம்மியில் பட்டையில் உள்ள 'பி' ஸ்கேலின் 1-ஐ 'ஏ' ஸ்கேலின் 3.4-க்குக் கீழே வைத்தேன். அவ்வளவுதான், அதற்கு மேல் பட்டையைத் தொடவில்லை. மொத்த லிஸ்டும் அந்த ஒரே இடத்தில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். பருப்பு 4 கிலோவா? மேலே 13.6. அரிசி 12? மேலே 40.8. புளி முக்கால் கிலோ? மேலே 255 என்று தெரிகிறது. இருபத்தைந்து கிலோ புளி யாரும் கரைக்க மாட்டார்கள், ஆகவே 2.55. மருமகன் மிளகாய்க்கு வருவதற்குள் நான் பெருங்காயத்தை முடித்துவிட்டேன்.

"மாமா, மொத்தம் எத்தனை கிலோ சாமான்னு அதுலயே கூட்டிச் சொல்லுங்க, வண்டிக்குச் சொல்லணும்" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஸ்லைடு ரூலுக்குப் பெருக்க வரும், வகுக்க வரும், வர்க்கமூலம் வரும், சைன், டேன்ஜென்ட் வரும். கூட்டல் வராது. மளிகைக் கணக்கைக் கூட்டத் தெரியாத இதற்கா இவ்வளவு அலட்டல் என்று என் மனைவி அன்றைக்குக் கேட்டது இன்னும் ஓயவில்லை. கூட்டலை மருமகனே செல்போனில் போட்டார்.

கடிதம் நீண்டுவிட்டது, கத்தரி உங்கள் கையில். 'சறுக்கு விதி'யைத் திருத்தி ஒரு வரி போட்டால் சந்தோஷம். படத்தை நேராக்கி இன்னொரு முறை போட்டால் ரொம்பச் சந்தோஷம்.

கூடவே ஒரு விண்ணப்பம். நெஸ்ட்லரிடம் திரும்ப வருவேன் என்றேனே, அது இதற்குத்தான். இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் 1,800 ரூபாய் அனுப்பி, நெஸ்ட்லர் 23 ஆர் ஒன்றை வரவழைத்தேன். அவர் போட்டிருந்த படத்தில் கர்சர் இருந்தது. பார்சலில் இல்லை. போன் செய்து கேட்டால், "படம் மாடலுக்குப் போட்டது சார்" என்றார். மரத்தில் செய்த நல்ல கோல், கோடுகள் தேயவில்லை, 10-ம் 10-ம் அப்படியே சேருகின்றன. கர்சர் மட்டும் இல்லாமல் அலமாரியில் படுத்திருக்கிறது. உங்கள் வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது உடைந்த நெஸ்ட்லர் 23 ஆர் கிடந்தால், உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கர்சர் மட்டும் போதும். கோலை அவரே வைத்துக்கொள்ளட்டும், பேத்தி கோடு போட ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்,
ஸ்ரீரங்கம்.